டொக்டரிடம் கேளுங்கள்: குளிசை எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ரத்தப் புற்றுநோய் பற்றியவை, ஐந்தும் வன்னியிலிருந்து. கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் பயம் ஒன்றுதான் என்பதால் ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 54 வயது. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஏழு வருடமாக இமாட்டினிப் 400 மில்லிகிராம் குளிசை தினமும் ஒன்று போடுகிறேன். ரத்தம் நல்லாயிருக்கு என்றுதான் கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனால் இந்த வருடம் மட்டும் மூன்று தரம் தடிமன் காய்ச்சல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "இந்தக் குளிசை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும், ஒருநாள் விட்டு ஒருநாள் போடு" என்கிறார். காலபோக விதைப்புக்கு வயலில் இறங்கவும் மனைவி விடுகிறா இல்லை. என்ன செய்ய? (விசுவமடு)

ஐயா, இன்றைக்குரிய குளிசையைப் போட்டாச்சா? இல்லையென்றால் சோற்றைச் சாப்பிட்டு, பெரிய கிளாஸ் ஒன்று நிறையத் தண்ணீரோடு அதைப் போட்டுவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கும் அது மனதில் தைத்திருக்கிறது. அந்தக் கால்வாசி எது என்று விளங்கினால் பயம் அரைவாசி போய்விடும்.

உங்கள் வருத்தத்தில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன அந்த நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டார்கள், துண்டுகள் இடம் மாறித்தான் அப்படியாகிறது என்று 1973இல் ஜனட் றோளி என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். அந்த ஒட்டிலிருந்து பிழையான புரதமொன்று பிறக்கிறது. நீங்கள் வயல்காரர், உங்களுக்கு இப்படிச் சொல்லலாம்: குளத்தின் துருசுக் கதவு திறந்தபடியே இறுகிவிட்டால் தண்ணீர் நிற்காமல் பாயும்தானே, அதேபோல எலும்பு மச்சையிலிருந்து வெண்குழியங்கள் நிற்காமல் பாய்கின்றன. 2001இல் பாவனைக்கு வந்த இமாட்டினிப் அந்தத் துருசை மூடுகிறது. பழைய கீமோ மருந்துகள் போல வேகமாக வளரும் கலங்களையெல்லாம் கண்மூடித்தனமாக அடிப்பதில்லை. முதன்முதலில் இந்தக் குளிசையில் தொடங்கியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பத்து வருட முடிவில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த வருத்தத்தின் பழைய சரித்திரம் தெரிந்த எங்களுக்கு அது நம்பமுடியாத கணக்கு.

ஆனால் மருந்தின் கை அந்த ஒரு துருசில் மட்டும் படுவதில்லை, பக்கத்து வாய்க்கால்களின் சின்னச் சின்னக் கதவுகளையும் கொஞ்சம் சாத்திவிடுகிறது. இந்தக் குளிசை போடுகிற சிலருக்குக் காலையில் எழும்பும்போது கண்மடல் ஊதியிருக்குமே, அதுவும் அப்படி வருவதுதான். அந்த வாய்க்கால்களில் ஒன்றிரண்டு நோயெதிர்ப்புக் கலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவை. 2013இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வொன்றில் உங்களைப் போலக் குளிசை போடுகிறவர்களுக்கு நியூமோனியாத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பழைய கிருமிகளை ஞாபகம் வைத்திருக்கும் பி கலங்கள் அவர்களில் குறைவாக இருந்தன, தடுப்பூசிக்கு உடம்பு காட்டிய மறுமொழியும் சுகதேகிகளை விடக் குறைவு. சிலருக்கு வருடக்கணக்கில் பிறபொருளெதிரிகளின் அளவும் மெல்ல இறங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் கால்வாசி உண்மை இதுதான்.

அவர் சொல்லாத முக்கால்வாசியையும் கேளுங்கள். குளிசை தொடங்க முன்னர் உங்கள் வெண்குழியம் எவ்வளவு இருந்தது? ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கும். அவ்வளவு படை இருந்தும் உடம்புக்கு அதற்கேற்ற காவல் இல்லை, ஏனென்றால் அவற்றில் பல முற்றாத கலங்கள், காவலுக்கு நிற்கவேண்டிய என்.கே. கலங்களும் அப்போது சோர்ந்துபோய்க் கிடந்தன. குளிசை வருத்தத்தை அடக்க அடக்கத்தான் அவை எழும்பி வந்தன. ஆகவே கணக்குப் பார்த்தால் இந்தக் குளிசை உங்கள் எதிர்ப்புச் சக்தியிலிருந்து எடுத்ததைவிடத் திருப்பிக் கொடுத்ததுதான் கூட.

இப்போது அந்தக் கொப்பியை எடுத்து, கடைசி எப்.பி.சி. (ரத்தக் கலங்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் என்ற வெண்குழிய வரியைப் பாருங்கள். 1,500க்கு மேலே என்றால் கிருமியோடு சண்டை பிடிக்க ஆள்பலம் போதும். 1,000க்குக் கீழே போனால் கிளினிக்கிலேயே குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஏறிய பிறகு திரும்பத் தொடங்குவார்கள், அந்த முடிவு அவர்களுடையது, உங்களுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ அல்ல. 500க்குக் கீழே என்றால்தான் நிஜமான ஆபத்து. இமாட்டினிப்பில் இந்த இறக்கம் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வருவது, ஏழு வருடம் தாண்டிய உங்களுக்குத் திடீரென்று வருவது குறைவு.

வருடத்துக்கு மூன்று தடிமன் எனக்கும் வரும். அதற்குக் குளிசையில் பழி போடத் தேவையில்லை. நியூமோனியா வருடத்தில் இரண்டு தரம் வந்தால், சைனசுக்கு மாதாமாதம் அன்டிபயோட்டிக் தேவைப்பட்டால், அக்கி வந்தால், அப்போது பிறபொருளெதிரி அளவைப் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிற கதைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒருவர் குளிசைகளைப் பழைய பால்மா ரின்னில் போட்டுவைப்பார். ஒருமுறை மனைவி ரின்னோடு கிளினிக்குக்கு வந்தார். மேசையில் கவிழ்த்து எண்ணினோம், 43 குளிசை மிச்சம். கணக்குப்படி இரண்டோ மூன்றோ இருக்கவேண்டும். "உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தனான் டொக்டர்" என்றார். ஓய்வு எடுத்தது அவருடைய உடம்பல்ல, குளிசை. வருத்தம் ஓய்வெடுக்கவில்லை, ரத்தத்தில் வருத்தம் எவ்வளவு மிச்சம் என்று அளக்கிற அடுத்த பி.சி.ஆர். ரிப்போர்ட்டில் அது ஏறியிருந்தது. 2010இல் வந்த ஓர் ஆய்வில், பத்துக் குளிசையில் ஒன்றுக்கு மேல் விட்டவர்களில் ஆறு வருட முடிவில் நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 28தான், ஒழுங்காகப் போட்டவர்களுக்கு 94. ஏ9 பாதை மூடிக்கிடந்த காலத்தில் மருந்து கிடைக்காமல் விட்டுப்போனவர்களின் கதை வேறு, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது பஸ் ஓடுகிறது, மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. நீங்களாக விடாதீர்கள்.

வயலில் இறங்கலாம், மனைவிக்கும் இதைக் காட்டுங்கள். வன்னி வயலில் நான் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு, அது குளிசை போடாதவனையும் விடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்தது நினைவிருக்கும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் ஆறும்வரை சேற்றில் மிதிக்காதீர்கள், முடிந்தால் பூட்ஸ் போடுங்கள் (சேறு பூட்சை இழுத்துப் பிடிக்கும், நடக்க ஏலாது என்று சொல்வீர்கள், தெரியும்). எம்.ஓ.எச். அலுவலகத்தில் வயல்காரருக்குக் கிழமைக்கு ஒருதரம் போட டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுப்பார்கள். நீங்கள் என்ன குளிசை போடுகிறீர்கள் என்று அங்கே சொல்லியே வாங்குங்கள். இரண்டும் வயிற்றைக் குமட்டக்கூடியவை, அதனால் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போடுங்கள்.

காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் இமாட்டினிப் போடுகிற ஆள், வயலில் நின்றனான்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பனடோலைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வீட்டில் படுக்கிற வேலை வேண்டாம்.

கேள்வி: எனது ஆறு வயது மகனுக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். வார்ட்டில் நின்று மருந்து ஏற்றி முடிந்து, இப்போது வீட்டில் குளிசைகள் மட்டும் கொடுக்கிறோம். அவன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்திருக்கிறது. மாமி வேப்பிலை கட்டிவிட்டா, மருந்துக் குளிசையை அம்மாள் இறங்கும்வரை நிறுத்தவும் சொல்கிறா. (புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, இந்தப் புத்தகம் உங்கள் கைக்குக் கிடைக்க முன்னரே வார்ட்டுக்கு ரெலிபோன் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எடுக்கவில்லையென்றால் இப்போதே எடுங்கள்.

மேலே விசுவமடு ஐயாவுக்கு எழுதியது உங்கள் மகனுக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் ரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயர் இருப்பதால் ஆட்கள் குழம்புகிறார்கள். மகன் தினமும் போடும் மேர்கப்டோபியூரினும் கிழமைக்கொருதரம் போடும் மெதோட்ரெக்சேட்டும் நோயெதிர்ப்புக் கலங்களை நேரடியாகவே குறைக்கிற மருந்துகள். அவனுடைய நியூட்ரோபிலைச் சாதாரண அளவுக்குக் கீழே வைத்திருப்பதற்காகத்தான் ஒவ்வொரு கிளினிக்கிலும் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள், அது தவறு நடந்து இறங்குவதல்ல. கோட்றைமொக்சசோல் என்று இன்னொரு குளிசையும் கிழமையில் சில நாட்கள் கொடுப்பீர்கள், அது நுரையீரலில் வரும் ஒருவகைத் தொற்றைத் தடுக்க. அதையும் விடக்கூடாது.

அம்மாள் வருத்தம் என்கிற கொப்பளிப்பான் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கிழமைச் சொறிச்சல். இந்த மருந்து போடுகிற பிள்ளைக்கு அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கலாம். அந்தப் பிள்ளையோடு ஒரே வகுப்பறையில் இருந்திருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல், வர முன்னரே கொடுக்கிற பிறபொருளெதிரி ஊசியோ அசைக்ளோவிர் மருந்தோ இருக்கிறது. ஊசி என்றால் கிட்டத்தட்ட நான்கு நாட்களுக்குள் போடுவது நல்லது, பிந்தினாலும் பத்து நாள்வரை பார்க்கலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கீமோக் குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பதையும் அவர்களே சொல்வார்கள், சிலவேளை நிறுத்தத்தான் சொல்வார்கள், ஆனால் அது மாமி சொன்னதற்காக அல்ல.

மாமியோடு சண்டை பிடிக்கவேண்டாம். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வையுங்கள், எனக்கு அதில் ஒரு ஆட்சேபனையும் இல்லை. பிள்ளை மட்டும் வார்ட்டில் இருக்கவேண்டும்.

இன்னொன்று, மகனுக்கு உடம்பு சுட்டால் முதலில் தேர்மோமீற்றரை வைத்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகுதான் பனடோல். பனடோல் போட்டுச் சூட்டை இறக்கிவிட்டுக் கூட்டிப்போனால் கிருமி உள்ளே வேலை செய்துகொண்டிருக்க வெளியே ஒன்றும் தெரியாது. அவனுக்கு 100.4 என்பது நடு இரவென்றாலும் ஓட்டோ பிடிக்கிற எண்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இமாட்டினிப் சரிவராமல் எட்டு மாதத்துக்கு முன் டசாட்டினிப்புக்கு மாற்றினார்கள். இப்போது ரிப்போர்ட்டில் லிம்போசைட் கூட என்று இருக்கிறது. வருத்தம் திரும்பிவிட்டதோ என்று நாங்கள் யாரும் நித்திரை கொள்ளவில்லை. புளூ ஊசி போடலாமா என்றும் சொல்லுங்கள். (மல்லாவி)

நித்திரை கொள்ளுங்கள், பிள்ளை. டசாட்டினிப் போடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு லிம்போசைட் என்ற வெண்குழிய வகை ஏறுவது தெரிந்த விஷயம். ஏறுவது பெரும்பாலும் புற்றுநோய்க் கலங்கள் அல்ல, என்.கே. கலங்களும் ரி கலங்களும். விசித்திரம் என்னவென்றால் இந்த மருந்து ஒரு பக்கம் ரி கலங்களின் வேகத்தைக் குறைக்கிறது, மறுபக்கம் சிலரில் அவற்றைப் பெருக்கியும் விடுகிறது, அப்படிப் பெருகியவர்களில் வருத்தம் நன்றாகவே அடங்கியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வருத்தம் திரும்பியதா என்பதை பி.சி.ஆர். பரிசோதனைதான் சொல்லும், லிம்போசைட் வரி சொல்லாது.

ஆனால் அதே ஆட்களுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோர்ப்பதும் கொஞ்சம் கூட. அம்மா தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கிறாவா, கிணற்றடிக்குப் போய்வர இளைக்கிறதா, காய்ச்சலில்லாத வறட்டு இருமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

புளூ ஊசி போடலாம், நியூமோனியா ஊசியும் போடலாம். இரண்டிலும் உயிருள்ள கிருமி இல்லை. மருந்தால் ஊசியின் பலன் கொஞ்சம் குறையலாம், குறைந்த பலனும் பலன்தானே. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடுகிற ஊசிகள்தான் கூடாது: சின்னமுத்துக்கானது, கொப்பளிப்பானுக்கானது, சில நாடுகளுக்குப் போகக் கேட்கிற மஞ்சள் காய்ச்சல் ஊசி. அப்புறம், மருந்தை மாற்ற முன்னர் ஹெபடைட்டிஸ் பி பார்த்தார்களா என்று கொப்பியில் தேடுங்கள். எப்போதோ வந்து ஈரலில் உறங்கிக்கிடக்கும் அந்தக் கிருமி இந்த வகை மருந்துகளில் எழும்பலாம் என்று 2016இல் ஐரோப்பாவில் எச்சரிக்கை விட்டார்கள். இல்லையென்றால் ஒரு ரத்தப் பரிசோதனைதான், கேட்டு வாங்குங்கள்.

அம்மா கஸ்ட்ரைட்டிசுக்கு ஒமிப்ரசோல் போடுகிறாவா? எங்கள் ஊரில் போடாத ஆளைக் காண்பது கஷ்டம் என்பதால் கேட்கிறேன். வயிற்றில் அமிலம் குறைந்தால் டசாட்டினிப் உடம்பில் சரியாகச் சேராது. கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா சி.எம்.எல். நோயாளி, இமாட்டினிப் போடுகிறார். எதிர்ப்புச் சக்தி கூட வேலியில் படர்ந்த சீந்தில் கொடியை அவித்துக் குடிக்கிறார். முள் அன்னமுன்னா இலையும் யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பழஞ்சோறு சாப்பிடலாமா என்றும் கேட்கிறார். (மாங்குளம்)

சீந்திலை நிறுத்தச் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் இந்தியாவில் எதிர்ப்புச் சக்திக்கென்று இதைக் குடித்த சிலர் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இமாட்டினிப்பும் ஈரல் வழியாகப் போகிற மருந்து, ஏன் இரண்டு பாரத்தை ஒரு மாட்டில் ஏற்றுகிறீர்கள்? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கிற எதையும் நான் இந்த நோயாளிகளுக்குச் சிபாரிசு செய்வதில்லை, ரத்தப் புற்றுநோய் என்பதே எதிர்ப்புக் கலங்கள் பிறக்கிற இடத்தில் வந்த வருத்தம், அங்கே எதைக் "கூட்டுவது" என்று விற்கிறவரைத்தான் கேட்கவேண்டும். முள் அன்னமுன்னா இலையும் அப்படித்தான், பழத்தை ஆசைக்குச் சாப்பிடட்டும்.

ஜம்போலாப் பழம் வேண்டாம். அது குடலில் இந்த மருந்தை உடைக்கிற நொதியத்தைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். நேரெதிராக, காசநோய் மருந்தான றிபாம்பிசின் அளவை இறக்கிவிடும், ஆகவே மார்பு கிளினிக்குக்கு எப்போதாவது போகநேர்ந்தால் இமாட்டினிப் பற்றி அங்கே முதலில் சொல்லவேண்டும்.

பழஞ்சோறு சாப்பிடலாம். நியூட்ரோபில் ஒழுங்காக இருக்கும்வரை, கொதித்தாறிய தண்ணீர் விட்டு, மூடிவைத்ததாக இருந்தால் சரி. வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சாப்பிடுகிற மனுசனிடமிருந்து அதையும் பறிக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: எனக்கு 33 வயது, ஆறு வருடமாக இமாட்டினிப் போடுகிறேன். பி.சி.ஆர். மூன்று வருடமாக மிகக் குறைவு. வெளிநாட்டில் இந்தக் குளிசையை நிறுத்துகிறார்களாம். நானும் நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி பழையபடி வந்துவிடுமா? (வவுனியா)

கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும் தம்பி. நீங்கள் நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி வருமா என்பதல்ல, உங்கள் எதிர்ப்புச் சக்தி இப்போது நிறுத்துகிற அளவுக்குக் காவல் நிற்குமா என்பதுதான் விஷயம்.

பிரான்சில் நூறு பேருக்கு இப்படி நிறுத்திப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பி.சி.ஆரில் வருத்தம் தெரியாதவர்களைத்தான் எடுத்தார்கள், அப்படியிருந்தும் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட அறுபது பேருக்குத் திரும்ப வந்தது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். திரும்ப வந்தவர்களுக்குக் குளிசையைத் தொடங்கியதும் அடங்கியது, அது ஆறுதல். வராத நாற்பது பேரின் உடம்பிலும் வருத்தத்தின் விதை அடியோடு இல்லை என்று சொல்லமுடியாது, ஆனால் அதை முளைக்கவிடாமல் ஏதோ ஒன்று காவல் நிற்கிறது. நிறுத்தும் நேரத்தில் என்.கே. கலங்கள் கூட இருந்தவர்கள் அதிகமாகத் தப்பினார்கள் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. இத்தனை வருடம் குளிசை போட்டும் அந்தக் கலங்கள் அழியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்குத் தகுதி இருக்கலாம். ஆனால் நிறுத்தினால் முதல் வருடம் கிட்டத்தட்ட மாதாமாதம் பி.சி.ஆர். எடுக்கவேண்டும், ரிப்போர்ட்டும் தாமதமில்லாமல் கைக்கு வரவேண்டும். அது ஊசி குத்தி மத்தியானம் ரிப்போர்ட் வாங்குகிற பரிசோதனை அல்ல. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதாமாதம் எடுக்க இங்கே வசதி இருக்கிறதா, ரிப்போர்ட் வர எத்தனை நாள்? பதில் "மூன்று மாதத்துக்கு ஒருக்கா" என்றால், இப்போதைக்குக் குளிசையோடேயே இருங்கள்.